புரோட்டோடைப்புக்கு எந்த டூல், எவ்வளவு உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட்வேர் டீமில் புதிதாகச் சேருபவர்கள், கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர்கள், சில சமயம் பணம் கொடுக்கும் கிளையன்ட்கள் என எல்லோரும் புரோட்டோடைப் பற்றி என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அதில் பாதி "எந்த டூல்?" என்பதில் போய் நிற்கும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் நீளமாக டைப் செய்வதைவிட ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உதாரணம் வேண்டிய இடங்களில் ஒரு மருத்துவமனை முன்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்கிறேன்.

புரோட்டோடைப்புன்னா என்ன சார்? டெமோவும் அதுவும் ஒண்ணுதானா?

இல்லை. டெமோ என்பது ஏற்கெனவே முடிவெடுத்ததை அடுத்தவருக்குக் காட்டுவது. புரோட்டோடைப் என்பது இன்னும் முடிவெடுக்க முடியாத ஒன்றுக்கு விடை தேட, சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் செய்து பார்ப்பது. முன்பதிவு செய்ய வருபவர் முதலில் டாக்டரைத் தேடுவாரா, தனக்கு வசதியான நாளைத் தேடுவாரா? மீட்டிங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாதாடலாம். இரண்டு விதமாகவும் ஸ்கிரீன் போட்டு நாலு பேரிடம் கொடுத்தும் பார்க்கலாம். இரண்டாவதுதான் புரோட்டோடைப்.

டெமோவில் யாரும் குறை சொல்லவில்லை என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். புரோட்டோடைப்பில் யாரும் குறை சொல்லவில்லை என்றால் தவறான ஆளிடம் காட்டியிருக்கிறோமோ என்று யோசிக்க வேண்டும்.

டூல்னு எதையெல்லாம் சொல்றீங்க? ஃபிக்மா மட்டும்தானா?

புரோட்டோடைப்பை உருவாக்க, மாற்ற, காட்ட, சோதிக்க உதவும் எதுவும் டூல்தான். பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் அதில் சேரும். பால்சாமிக், எக்ஸ்காலிட்ரா போன்றவை கட்டம் போட்டு வரைய. ஃபிக்மா, பென்பாட், ஆக்ஷூர் போன்றவை ஸ்கிரீன்களைக் கோத்துக் கிளிக் செய்ய வைக்க. அப்புறம் எச்டிஎம்எல், ரியாக்ட் என்று கோடிலேயே செய்வது. இப்போது வி0, லவபிள், போல்ட் என்று நாம் சொல்வதைக் கேட்டுக் கோட் எழுதித் தருபவையும் வந்துவிட்டன.

இவை போக, யாரும் டூல் என்று எண்ணாத சில உண்டு: ஸ்கிரீன் ரெக்கார்டிங், கமென்ட் வசதி, பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி. என் கணக்கில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய உதவி. பழையது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒரு டிசைனர் துணிந்து ஒரு ஸ்கிரீனை முழுதாகக் கலைத்துப் போடுவார்.

நல்ல டூலா இருந்தா புரோட்டோடைப்பும் நல்லா வரும்தானே?

அழகாக வரும். உபயோகமாக இருக்குமா என்பது வேறு விஷயம். டூல் மாற்றத்தின் விலையைக் குறைக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லா மாற்றத்தின் விலையையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. ஃபிக்மாவில் பட்டன் நிறத்தை மாற்ற இரண்டு நொடி போதும். "இந்த டாக்டர் வியாழன் மட்டும் மாலையில் வருவார், மாதத்தின் கடைசி வியாழன் வரமாட்டார்" என்பதைக் காட்ட அரை நாள் ஆகும். விளைவு என்ன? டீம் நிறத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசும். அந்த வியாழக்கிழமை விஷயம், கோட் எழுதத் தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வரும்.

1997-ல் ஸ்டெஃபனி ஹூட், சார்லஸ் ஹில் என்ற இருவர், ஆப்பிளில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து, புரோட்டோடைப் கேட்கும் கேள்விகளை மூன்றாகப் பிரித்தார்கள். இந்தப் பொருள் ஒருவரின் வாழ்க்கையில் எதற்குப் பயன்படப்போகிறது? பார்க்கவும் தொடவும் எப்படி இருக்கும்? உள்ளே எப்படி வேலை செய்யும்? உங்கள் கேள்வி இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள். டூல் அதற்குப் பிறகு. மூன்றாவது கேள்விக்கு ஃபிக்மாவைத் திறப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

பேப்பரே போதும்னு சிலர் சொல்றாங்களே, இந்தக் காலத்துலயுமா?

பல கேள்விகளுக்குப் போதும். 1996-ல் ராபர்ட் விர்ஸியும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒரு மின்னூல் சாதனத்தையும் ஒரு தொலைபேசிக் குரல் சேவையையும், எளிய புரோட்டோடைப்பாகவும் முழுமைக்கு நெருங்கியதாகவும் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே குறைகள்தான் வெளிப்பட்டன. பாம்பைலட் என்ற கையடக்கக் கணினி 1996-ல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோல நடிப்பார். இப்படிப்பட்ட சாதனத்தை ஒருவர் தினமும் பையில் வைத்துக்கொள்வாரா என்ற கேள்விக்கு ஒரு சிப்கூடத் தேவைப்படவில்லை.

எதற்குப் போதாது என்றால், விரலும் நேரமும் சம்பந்தப்பட்ட எதற்கும். நீளமான பட்டியலை ஸ்க்ரோல் செய்வது, ஓடிபி வரும்வரை காத்திருப்பது, ஃபோன் கீபோர்டு பாதி ஸ்கிரீனை மறைப்பது ஆகியவை பேப்பரில் தெரியாது. கீபோர்டு மறைத்த இடத்தில்தான் "அடுத்து" பட்டன் இருந்தது என்பது ஃபோனில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

பால்சாமிக்ல எல்லாம் சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கே, கிளையன்ட் கிட்ட காட்டவே கூச்சமா இருக்கு. அது ஏன் அப்படி?

வேண்டுமென்றேதான். 2008-ல் வந்ததிலிருந்தே அந்தக் கைவரைவுத் தோற்றம் அதன் அடையாளம். முடிந்த வேலைபோலத் தெரியும் ஸ்கிரீனைக் காட்டினால் "இந்த நீலம் கொஞ்சம் அடர்த்தியா இருக்கலாம்" என்று பதில் வரும். கிறுக்கலைக் காட்டினால் நிறம் பற்றிப் பேச எதுவுமில்லை. அதனால் "பணம் கட்டறதுக்கு முன்னாடியே டோக்கன் நம்பர் வந்துடுதே?" என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

இன்னொன்றும் உண்டு. பளபளப்பாக இருப்பதை மாற்றச் சொல்ல நம் ஊரில் பலர் தயங்குவார்கள், "பாவம், ராத்திரி பகலா உழைச்சிருக்காங்க" என்று. கிறுக்கல் என்றால் அந்தத் தயக்கம் வராது. கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல்ல எந்த டூல் கத்துக்கறது?

வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஃபிக்மா. நேர்முகத் தேர்வில் அதைத்தான் கேட்கிறார்கள். இலவசமாக, ஓப்பன் சோர்ஸாக வேண்டும் என்றால் பென்பாட். இரண்டில் ஒன்று கைக்கு வந்தால் மற்றது தானாக வரும். கூடவே ஓரளவு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்திருந்தால் நல்லது. அது எங்கே கைகொடுக்கும் என்று அடுத்த கேள்வியில் தெரியும்.

ஃபிக்மாலயே கிளிக் பண்ணி எல்லா ஸ்கிரீனும் போகுதே. அப்புறம் எதுக்கு கோடுல புரோட்டோடைப்?

பழக்கமான ஒரு காட்சியைச் சொல்கிறேன். முன்பதிவுச் செயலி. காலண்டரில் முப்பது நாள் தெரிகிறது. டிசைனர் 14-ஆம் தேதிக்கு மட்டும்தான் இணைப்புக் கொடுத்திருக்கிறார். சோதிக்க வந்த அம்மா 12-ஐத் தொடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தொடுகிறார். எந்த இடம் வேலை செய்யும் என்று ஃபிக்மா நீலக் கட்டமாக மின்னிக் காட்டுகிறது. பக்கத்தில் இருப்பவர் "அது இல்லம்மா, 14-ஐத் தொடுங்க" என்கிறார். சோதனை அந்த நொடியில் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த அம்மா தன் வேலையைச் செய்யவில்லை. டீம் எதை எதிர்பார்க்கிறது என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து, மின்னும் கட்டங்களைத் தொட்டுக்கொண்டு போகிறார். அறிக்கையில் மட்டும் "பணியை முடித்தார்" என்று பதிவாகும்.

ஸ்கிரீன்களைக் கோக்கும் டூல்களின் இயல்பு இது. வழி ஒன்றாக இருக்கும்வரை பிரமாதம். தேர்வுகள் பெருகும்போதும், முன்பு கொடுத்த விடையைப் பொறுத்து அடுத்தது மாற வேண்டியிருக்கும்போதும் திணறும். 2023-ல் ஃபிக்மா, கொடுத்த விடையை நினைவில் வைக்கும் மாறிகளையும், அதைப் பொறுத்து அடுத்ததை மாற்றும் நிபந்தனைகளையும் கொண்டுவந்தது. ஆக்ஷூரில் அவை வெகு காலமாகவே உண்டு. ஆனாலும் அவற்றை வைத்து ஒரு காலண்டரை ஓடவைக்கும் நேரத்தில், அடிப்படை ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் நிஜக் காலண்டரையே ஒரு பக்கத்தில் போட்டுவிடலாம். அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: மின்னும் அந்த நீலக் கட்டத்தை அணைத்துவிட்டு, 12-ஐத் தொட்டாலும் 20-ஐத் தொட்டாலும் அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும்படி காலண்டர் முழுவதற்கும் ஒரே இணைப்புக் கொடுங்கள். தேதி தப்பாகத் தெரியும், ஆனால் அவர் ஓட்டம் தடைபடாது.

முதல்ல இங்கிலீஷ்ல போட்டுட்டு, தமிழை கடைசில மாத்திக்கலாமா?

தமிழில் பயன்படுத்தப்போகிறவர்களுக்கு என்றால் கூடாது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பட்டன் தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று நீளும். ஃபோன் அகலத்தில் இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கும், ஸ்கிரீன் அமைப்பே மாறிவிடும். வரி இடைவெளியும் அப்படியே. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் எழுத்தின் மேலே வரும் வளைவும் கீழே இறங்கும் கொக்கியும் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற ஒரு எழுத்துருவை முதல் நாளே தேர்ந்தெடுத்து, நிஜ வாசகங்களைப் போட்டுப் பாருங்கள்.

எழுத்தைவிடத் தகவல்தான் பெரிய சிக்கல். ரெடிமேட் ஃபார்ம்களில் "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டும் கட்டாயம். நம்மவர் பெயர் முருகேசன், இனிஷியல் கே. கடைசிப் பெயரில் என்ன எழுதுவார்? சிலர் அப்பா பெயர், சிலர் ஓரெழுத்து, சிலர் ஒரு புள்ளி, சிலர் முருகேசனையே மறுபடி. டூலில் வரும் மாதிரித் தகவலை அப்படியே விட்டால் எல்லோரும் வெள்ளைக்காரப் பெயரோடு அழகாக நிற்பார்கள், இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. ஆனால் நிஜ நோயாளிகளின் பட்டியலை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நிஜம்போன்ற, நாமே எழுதிய பெயர்கள் போதும்.

புரோட்டோடைப் செஞ்சா நேரம் மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆதாரம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது, ஆனால் முழுக்கச் சாதகமாக இல்லை. 1984-ல் பாரி போயம், டெரன்ஸ் கிரே, தாமஸ் ஸீவால்ட் மூவரும் வெளியிட்ட சோதனை இதில் புகழ்பெற்றது. ஏழு டீம்கள் ஒரே சிறிய மென்பொருளைச் செய்தன. நான்கு டீம்கள் முதலில் தேவைகளை ஆவணமாக எழுதின. மூன்று டீம்கள் புரோட்டோடைப் செய்தன. புரோட்டோடைப் டீம்களின் மென்பொருள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்த கோடில், 45 சதவீதம் குறைந்த உழைப்பில், கிட்டத்தட்ட அதே செயல்திறனோடு வந்தது. கற்கவும் பயன்படுத்தவும் எளிதாக இருந்தது.

மறுபக்கம், வசதிகளின் முழுமையிலும், தவறான உள்ளீடு வந்தாலும் குலையாமல் ஓடும் தாங்குதிறனிலும் அவை கொஞ்சம் குறைந்த மதிப்பெண்தான் வாங்கின. ஆவணம் எழுதிய டீம்களின் வடிவமைப்பு கோவையாகவும் பகுதிகளை இணைக்க எளிதாகவும் இருந்தது. ஏழு சிறிய டீம்களை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் எது எளிதாகிறது, எது பலவீனப்படுகிறது என்ற திசை இன்றைக்கும் என் கண்ணில் படுவதோடு ஒத்துப்போகிறது. டீமுக்கு நான் சொல்வது: ஸ்கிரீனில் தெரிவதற்குப் புரோட்டோடைப், தெரியாத விதிகளுக்கு ஒரு பக்க ஆவணம்.

அப்போ இருந்த டூல் வேற, இப்போ இருக்கறது வேற. அந்தக் கணக்கெல்லாம் இன்னைக்கு செல்லுமா?

எண்கள் செல்லாது. ஆனால் டூல் எளிதானதும் என்ன நடக்கும் என்பதை நாம் இப்போதுதான் புதிதாகப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். 1987-ல் ஆப்பிளின் ஹைப்பர்கார்டு வந்தது. கார்டு கார்டாக அடுக்கி, பட்டன் வைத்து, புரோகிராமர் அல்லாதவரே ஓடும் ஒன்றைச் செய்ய முடிந்தது. 1991-ல் விஷுவல் பேசிக் வந்தது; ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டால் அலுவலகச் செயலி தயார். இரண்டிலும் ஒரே கதைதான். செய்து பார்ப்பது மலிவானது, நிறையப் பேர் செய்து பார்த்தார்கள், செய்து பார்த்ததையே அப்படியே பயன்படுத்தவும் ஆரம்பித்தார்கள். மிஸ்ட் என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டின் முதல் மேக் பதிப்பே ஹைப்பர்கார்டில் ஓடியதுதான். அது நல்லபடியாக முடிந்த உதாரணம். எத்தனையோ அலுவலகங்களில் விஷுவல் பேசிக்கில் அவசரத்துக்குச் செய்தவை வருடக்கணக்காக ஓடி, தொடவே பயப்படும் நிலைக்கு வந்தன.

"அதான் முடிஞ்சிருச்சே, அடுத்த வாரம் லைவ் போட்டுடலாம்"னு கிளையன்ட் சொன்னா என்ன சொல்றது?

புரோட்டோடைப் செய்பவர்கள் எல்லோரும் கேட்ட வசனம் இது. கிறுக்கல் தோற்றம் இதற்கும் மருந்து. அதை யாரும் லைவ் போடச் சொல்லமாட்டார்கள். கோடில் செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு இதை டூலுக்குள்ளேயே வைத்துத் தீர்த்திருக்கிறது. அவர்களுடைய புரோட்டோடைப் கிட் மூலம் அரசு இணையதளத்தைப் போலவே இருக்கும் பக்கங்களைச் சீக்கிரம் செய்யலாம். ஆனால் இணையத்தில் ஏற்றினால் பாஸ்வேர்டு கேட்கும், நிஜச் சேவைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நல்ல டூல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், காட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், ஸ்கிரீனிலும் எழுதிவையுங்கள்: "மாதிரி மட்டும். லாகின் கிடையாது. எதுவும் சேமிக்கப்படாது." கேட்ட பிறகு விளக்கினால் சாக்குச் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

ஆனா அதே புரோட்டோடைப்பை வளர்த்து ப்ராடக்டா ஆக்கறதும் ஒரு முறைதானே? தப்பா?

தப்பில்லை. கிறிஸ்டியான ஃப்ளாய்ட் 1984-லேயே இதைப் பிரித்துச் சொன்னார்: தேவையைத் தெரிந்துகொள்ளச் செய்வது ஒன்று, ஒரு தீர்வு சரிப்படுமா என்று சோதிக்கச் செய்வது ஒன்று, வளர்த்துக்கொண்டே போவது ஒன்று. "ஒன்றைத் தூக்கியெறியத் திட்டமிடு" என்று 1975-ல் எழுதிய ஃபிரெட் புரூக்ஸ்கூட, இருபது ஆண்டு கழித்து அந்த ஆலோசனையை ரொம்பவும் எளிமைப்படுத்திவிட்டதாகத் திருத்திக்கொண்டு, படிப்படியாக வளர்ப்பதன் பக்கம் வந்தார்.

தவறு எங்கே என்றால், தூக்கியெறியச் செய்ததை வளர்க்கத் தொடங்குவதில். வளர்க்கப்போவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே டூலும் வேறு: கோடின் ஒவ்வொரு வெர்ஷனையும் சேமித்துவைக்கும் கிட் (Git), சோதனைக் கோட், நிஜ டேட்டாபேஸ். அதனால் ஒவ்வொரு மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். வேகமும் வேண்டும், அதையே லைவிலும் வைக்க வேண்டும் என்றால் முந்தைய விஷுவல் பேசிக் கதைதான்.

ஒரே டிசைனைக் காட்டி கருத்துக் கேட்கணுமா, இல்ல ரெண்டு மூணு காட்டணுமா?

இரண்டு மூன்று. 2006-ல் மரியம் தொஹிதி, பில் பக்ஸ்டன் உள்ளிட்டோர் வீட்டுத் தட்பவெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான பேப்பர் புரோட்டோடைப்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள், குறையும் குறைவாகச் சொன்னார்கள். மூன்றையும் பார்த்தவர்கள் அதே டிசைனைத் தயங்காமல் விமர்சித்தார்கள். ஒன்றையே நீட்டினால் "நல்லாத்தாங்க இருக்கு" என்பதுதான் பதில். வீட்டுக்கு வந்த விருந்தாளி சாம்பாரைப் பற்றிச் சொல்வது மாதிரி. செய்பவர்களுக்கும் இது நல்லது. 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் டவ் குழுவினர் இணைய விளம்பரங்களை வைத்துச் செய்த சோதனையில், ஒன்றைத் திருத்தித் திருத்திப் போனவர்களைவிட, பலவற்றை ஒரே நேரத்தில் செய்து கருத்து வாங்கியவர்களின் விளம்பரம் அதிகக் கிளிக் பெற்றது.

இங்கே டூல் இரண்டு பக்கமும் இழுக்கும். காப்பி எடுத்து மூன்றாக்குவது ஒரு நொடி வேலை. ஆனால் மூன்றும் ஒரே காம்போனென்ட் லைப்ரரியிலிருந்து, அதாவது தயாராக இருக்கும் பட்டன், கட்டங்களின் தொகுப்பிலிருந்து வருவதால் நிறம் மாறிய ஒரே டிசைனாகத்தான் பெரும்பாலும் முடியும். மூன்றும் நிஜமாகவே வேறுவேறாக இருக்க வேண்டும் என்றால் முதல் சுற்றைப் பேப்பரில் போடுங்கள். லைப்ரரியைப் பிறகு திறக்கலாம்.

எத்தனை பேரை வெச்சு சோதிக்கணும்?

ஐந்து பேர் போதும், 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்ற ஜேக்கப் நீல்சனின் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை பிரபலம். எல்லா வகைத் தளத்துக்கும் அது பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அவர் சொன்னதன் மறுபாதியை யாரும் சொல்வதில்லை: ஐவரோடு நிறுத்தாதே, திருத்திவிட்டு மறுபடி ஐவரைப் பார் என்பது. திருத்துவது எளிதாக இருந்தால்தான் மறுசுற்று நடக்கும். டூல் உதவ வேண்டிய இடம் அதுதான்.

ஃபிக்மா லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பி கமென்ட் போடச் சொன்னா சோதனை மாதிரி ஆகாதா?

ஆகாது. கமென்ட் போடுபவர் ஸ்கிரீனைப் பார்க்கிறார், பயன்படுத்தவில்லை. காலண்டரில் 12-ஐத் தொட்டுத் திகைத்த அம்மா கமென்ட் போடமாட்டார், மூடிவைத்துவிட்டுப் போவார். கமென்ட்கள் டீமுக்குள் வேலையை ஒருங்கிணைக்க அருமையானவை. ஆனால் மேனேஜர் முதல் கமென்ட் போட்டுவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் அதற்குத் தலையாட்டுவார்கள் என்பதும் தெரிந்ததுதானே. மேனேஜரைக் கடைசியாகப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால்.

ஏஐ கிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல ஆப்பே வந்துடுது. இனிமே புரோட்டோடைப் டூல் எல்லாம் எதுக்கு?

ஏஐயிடம் சொல்லியே கோட் எழுதவைப்பதற்கு 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்ப்பாத்தி "வைப் கோடிங்" என்று பெயர் வைத்ததிலிருந்து இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. உண்மையிலேயே பெரிய மாற்றம்தான். கோடில் புரோட்டோடைப் செய்யும் செலவு தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. ஃபிக்மாவில் அரை நாள் ஆகும் என்று மேலே சொன்ன வியாழக்கிழமை டாக்டரை, இப்போது இரண்டு வரி எழுதினால் ஓடவைத்துக் காட்டலாம். விதிகளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இதுவரை இருந்ததில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம் அது தானே நிரப்பிவிடும். "முன்பதிவுச் செயலி செய்" என்றால் போதும். ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று அதுவே முடிவெடுத்திருக்கும். ஸ்கிரீனில் பார்க்கும்போது அது முடிவெடுத்த ஒன்று மாதிரியே தெரியும். பேப்பரில் எழுதாத இடம் வெறுமையாக இருக்கும், கண்ணில் படும். இங்கே வெறுமையே இல்லை. அதனால் ஏஐ செய்து கொடுத்ததும், "நான் கேட்காமல் நீயாக முடிவெடுத்தவற்றைப் பட்டியல் போடு" என்று அதையே கேளுங்கள். பட்டியலைக் கிளையன்ட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அது முழுமையாக இருக்காது, ஆனாலும் பாதி மீட்டிங் அதிலேயே நடக்கும். லைவ் போடலாமா என்ற கேள்விக்கான பதில் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் இது நிஜமாகவே லாகின் எல்லாம் வைத்துக்கொண்டு வந்து நிற்கும்.

எங்க ப்ராடக்ட்லயே ஏஐ இருக்கு. தமிழ்ல பேசினா டோக்கன் போடணும். அதை எப்படி புரோட்டோடைப் பண்றது?

ஏஐ மாடலைத் தேடி ஓடாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கோல்ட் குழுவினர், பேசினால் டைப் செய்யும் இயந்திரம் மக்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைத்தார்கள். அப்படி ஒரு இயந்திரம் செய்யும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. அடுத்த அறையில் ஒரு டைப்பிஸ்ட்டை உட்காரவைத்துவிட்டார்கள். பேசியவர் முன்னால் திரையில் எழுத்து வந்தது. எத்தனை சொற்களை இயந்திரம் அறிந்திருக்க வேண்டும், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசச் சொன்னால் பொறுப்பார்களா என்பதையெல்லாம் இப்படியே ஆராய்ந்தார்கள்.

உங்களுக்கும் அதுவே போதும். ஒரு ஃபோன், அடுத்த அறையில் பதில் டைப் செய்யும் ஒருவர். மதுரைக்காரர் எப்படிக் கேட்கிறார், "நாளன்னிக்கு" என்று சொல்கிறாரா, தேதி சொல்கிறாரா, நடுவில் குழந்தையை அதட்டுகிறாரா என்று எல்லாம் தெரிந்துவிடும். உட்கார்ந்திருப்பவர் ரொம்பவும் புத்திசாலித்தனமாகப் பதில் சொல்லக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். இயந்திரம் தவறாகக் கேட்கக்கூடிய இடங்களில் அவரும் வேண்டுமென்றே தவற வேண்டும். சோதனை முடிந்ததும் வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதும் முறை.

டூல் கம்பெனி மூடிட்டா நம்ம வேலை எல்லாம் போயிடுமே?

போகும். ஒரு காலத்தில் எல்லா டிசைனரும் பயன்படுத்திய இன்விஷன் 2024 இறுதியில் தன் சேவையை நிறுத்தியது. ஃபிக்மாவையே 2022-ல் 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்து, ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது.

ஆனால் புரோட்டோடைப் போனால் பெரிய நஷ்டமில்லை, போக வேண்டியதுதான் அது. எதைச் சோதித்தோம், யார் எங்கே தடுமாறினார்கள், எதைக் கைவிட்டோம், ஏன் என்பதை டூலுக்கு வெளியே ஒரு சாதாரண ஃபைலில் எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டீம் அதே யோசனையோடு வரும்போது அந்த ஃபைல்தான் வேண்டியிருக்கும்.

டூல் மாத்தினோம், செலவும் பண்ணினோம். புரோட்டோடைப் பண்றது உண்மையிலேயே மேம்பட்டுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஸ்கிரீன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அது கூடத்தான் செய்யும். நான் பார்ப்பவை வேறு. ஒருவர் தடுமாறியதைப் பார்த்ததிலிருந்து, திருத்தியதை அடுத்தவர் கையில் கொடுக்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது? அன்று மதியமே என்றால் டூல் உதவுகிறது. அடுத்த வாரம் என்றால் இல்லை. அப்புறம், கோட் எழுதத் தொடங்கிய பிறகு "இதை யோசிக்கவே இல்லையே" என்று திரும்ப வருபவை குறைந்தனவா? குறையவில்லை என்றால், எந்த வகை விஷயம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். எப்போதும் விதிகளே வருகிறது என்றால் உங்கள் டூலில் விதியைக் காட்ட வழியில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, கைவிட்ட யோசனைகள் ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஒரு காலாண்டு முழுக்கப் புரோட்டோடைப் செய்தும் ஒரு யோசனையைக்கூடக் கைவிடவில்லை என்றால் அங்கே நடப்பது டெமோ. முதல் கேள்வியைப் பார்க்கவும்.

கிளையன்ட் ஃபிக்மா லிங்க்கையே ஒப்பந்தத்துல சேர்க்கச் சொல்றார். சேர்க்கலாமா?

லிங்க்காகச் சேர்க்காதீர்கள். கையெழுத்துக்குப் பிறகும் அந்த லிங்க்கில் இருப்பதை, திருத்தும் அனுமதி உள்ள யாரும் மாற்றலாம்; அப்புறம் எது ஒப்புக்கொண்டது என்று சண்டை வரும். ஒப்புக்கொண்ட நாளில் ஸ்கிரீன்களைப் பிடிஎஃப் எடுத்து, தேதி போட்டு இணையுங்கள். அதோடு ஸ்கிரீனில் தெரியாதவற்றைத் தனியாக எழுதுங்கள்: எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள், நெட் போனால் என்ன ஆகும், ரத்து விதி, டாக்டர் லீவு, யாருக்கு எந்த அனுமதி. போயம் சோதனையில் புரோட்டோடைப் டீம்கள் மதிப்பெண் இழந்த தாங்குதிறன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

படத்துக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் எழுத்தே செல்லும் என்று போடுவேன். கிளையன்ட் படம்தான் செல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கும் சம்மதிக்கலாம், ஆனால் காலண்டரில் 12-ஐத் தொட்டால் என்ன ஆகும் என்பதையும் படமாக வரைய வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.